புல்லட் உடம்பில் பல்சர் உயிர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பார்வதிபுரத்துப் பக்கம் ஆசானின் பட்டறையில் இந்த வண்டி முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் தம்ளரோடு எழுந்து வந்தார். டேங்கைப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்ன மக்கா, ஆளு புல்லட்டு, சத்தம் வேற யாருக்கோ உள்ளதாட்டு இருக்கு?" என்றார்.

சரியாகத்தான் கேட்டார். ஃபிரேம், டேங்க், முன் ஃபோர்க் எல்லாம் ஒரு பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுடையவை. அதன் 346 சிசி எஞ்சின் கேஸ் (வெளிக்கூடு) விரிசல் விட்டு மூலையில் கிடந்தது. அந்த இடத்தில் பழைய இரும்புக் கடையில் பில்லோடு வாங்கிய ஒரு பல்சர் 220 எஞ்சினை உட்கார வைத்தோம். உட்கார வைக்க இரண்டு மாதம் ஆனது. உட்கார்ந்த பிறகு வந்த கோளாறுகளைத் தீர்க்க ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இது ஒன்றும் புதுப் பைத்தியம் இல்லை. 1950, 60களில் இங்கிலாந்துப் பையன்கள் நார்ட்டனின் 'ஃபெதர்பெட்' ஃபிரேமில் டிரையம்ஃப் எஞ்சினைப் பூட்டி, இரண்டு பெயரையும் சேர்த்து 'டிரைட்டன்' என்றார்கள். நம் கடற்கரையில் அதுகூட அதிசயம் இல்லை. விசைப்படகில் லாரிக் கம்பெனி எஞ்சின் ஓடினால் குளச்சலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் படகு வேறு, ரோடு வேறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும், தயாரித்த நிறுவனம் முதலில் குறித்த விவரங்களும் முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகியிருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பரைத்தான். ஆகவே என் வண்டி டி.என். 74 பலகை மாட்டிக்கொண்டு வடசேரிச் சந்தைப் பக்கம் போவதில்லை. தோவாளையில் உறவினர் ஒருவரின் தென்னந்தோப்புக்குள்ளும், குலசேகரம் பக்கம் நண்பனின் ரப்பர் தோட்டத்து மண் பாதையிலும்தான் ஓடுகிறது. அங்கே கொண்டுபோவதும் மினி லாரியில்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு நோட்டு போடுங்கள். வெட்டியது, பற்றவைத்தது, நீட்டியது, வளைத்தது, வேறு வண்டியிலிருந்து எடுத்தது என நீங்கள் கைவைத்த ஒவ்வொன்றையும் அதில் வரிசையாக எழுதுங்கள். என் நோட்டில் 31 வரி வந்தது. புல்லட் ஃபிரேம் 1955லிருந்து சென்னையில் உருவாகி ஊர் முழுக்க ஓடித் தேறியது. பல்சர் எஞ்சினும் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சந்தேகிப்பதற்கு முன், இரண்டுக்கும் நடுவில் உங்கள் கை செய்த 31 வரியைச் சந்தேகியுங்கள். கோளாறு வந்தவுடன் கார்ப்ரேட்டரைக் கழற்றும் பழக்கம் எனக்கு இருந்தது. அந்தப் பழக்கம் என்னிடமிருந்து பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது.

கைப்பிடி மரத்துப்போகிறது, டேங்க் நடுங்குகிறது

இந்த வேலையில் அதிகம் வரும் புகார் இதுதான், நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள். நடுக்கம் வரும் வேகத்தில் ஓடும்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விடுங்கள். நடுக்கம் உடனே நின்றால் அது எஞ்சினோ அதைப் பிடித்திருக்கும் தகடுகளோதான். வண்டி உருளும் வரை தொடர்ந்தால் சக்கரம், டயர், செயின் பக்கம் போங்கள். இதைச் செய்ய பத்து வினாடி போதும். இதைச் செய்யாமல் நான் மூன்று நாள் எஞ்சின் போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் பின் ரிம் இரண்டு மில்லிமீட்டர் கோணலாக இருந்தது.

எஞ்சின் பக்கம்தான் என்று உறுதியானால், பழைய புல்லட் ஃபிரேமை ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். முன்னால் ஒற்றைக் குழாய் இறங்கி வந்து எஞ்சினின் நெஞ்சோடு முடிந்துவிடுகிறது. எஞ்சினுக்கு அடியில் குழாயே கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், இரண்டையும் பிடிக்கும் தகடுகள் எல்லாம் சேர்ந்துதான் ஃபிரேமின் அடிப்பாகம். அந்த எஞ்சினை எடுத்துவிட்டால் ஃபிரேம் வாய் திறந்த பைதான். பல்சர் எஞ்சினோ கீழே குழாய் ஓடும் தொட்டில் மாதிரி ஃபிரேமுக்குள் உட்காரப் பழகியது, வண்டியின் முழுப் பாரத்தையும் தன் கேஸில் சுமக்கப் பழகியது அல்ல. வெறும் தகடு வைத்துப் பழைய எஞ்சின் இருந்த இடத்தில் இதைக் கோர்த்துவிட்டால், ஃபிரேம் ஒவ்வொரு குழியிலும் எஞ்சினைப் பிடித்து முறுக்கும். முதலில் நடுக்கம் வரும், பிறகு கேஸில் போல்ட்டு நுழையும் காதுகள் உடையும்.

நான் முதலில் அப்படித்தான் செய்தேன். ஆசான் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் திரும்பி வந்து பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் கிரைண்டரை எடுத்தார். முன் குழாயின் அடியிலிருந்து, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் திரும்புகிற பிவட் வரை இரண்டு குழாய் வளைத்துத் தொட்டில் கட்டினோம். பாதி நடுக்கம் அத்தோடு போய்விட்டது.

மீதிப் பாதிக்குக் காரணம் போல்ட்டு உட்காரும் விதம். எல்லா எஞ்சின் போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். ஒவ்வொன்றையும் விரலால் தள்ளி வெளியே எடுத்து, விரலாலேயே திரும்ப நுழைக்க முடிகிறதா பாருங்கள். கடப்பாரை வைத்து நெம்பினால்தான் நுழைகிறது என்றால், எஞ்சினை இறுக்கும்போதே ஃபிரேமையும் வளைக்கிறீர்கள். தகட்டுக்கும் எஞ்சின் காதுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் அதை இறுக்கி மூடாதீர்கள். அந்த இடைவெளி அளவுக்கு லேத்தில் வாஷர் கடைந்து வையுங்கள். எனக்கு வலது பின்பக்கம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வாஷர் தேவைப்பட்டது. போல்ட்டு 8.8 தரத்துக்குக் குறையக்கூடாது. இறுக்குவதற்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். அந்தத் தரத்தில் எண்ணெய் தடவாத 10 மி.மீ. போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் அளவு பொதுவாகச் சரியாக இருக்கும்.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுங்கி, அதைத் தாண்டினால் அமைதியானால் அது வேறு கதை. புல்லட் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்குவது, நிதானமாகச் சுற்றுவது. பல்சர் பிஸ்டனுக்குத் தூரம் 62.4 மி.மீ.தான், ஆனால் 8,500 ஆர்.பி.எம். வரை போய்த்தான் முழு பலத்தைக் காட்டும். அதாவது ஒரு வினாடிக்கு 140 சுற்றுக்கு மேல். புல்லட்டின் தாளத்துக்குச் செய்த குழாயும் தகடும் இந்தத் தாளத்தின் ஏதோ ஓர் இடத்தில் சேர்ந்து பாடத் தொடங்கும். எந்த ஆர்.பி.எம். என்று நோட்டில் குறியுங்கள். சிலிண்டர் தலையிலிருந்து மேல் குழாய்க்கு ஒரு பிடி கொடுங்கள். ஏற்கனவே இருந்தால் அதன் தகட்டின் தடிமனை மாற்றுங்கள். நடுக்கம் வேறு ஆர்.பி.எம்.முக்கு நகரும். நீங்கள் அதிகம் ஓட்டாத வேகத்துக்கு அதைத் தள்ளிவிட்டால் போதும், முழுக்க ஒழிக்க முடியாது. டேங்குக்கு அடியில் நல்ல ரப்பர் புஷ் வையுங்கள். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒரு ரப்பர் புஷ்ஷுக்காக நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை மூன்று ஊரும் அலைந்தேன். சிரிக்கத்தான் வேண்டும்.

செயின் உறுமுகிறது, பக்கவாட்டில் தேய்கிறது, கழன்று விழுகிறது

செயின் நம்பரைப் பாருங்கள். 428 என்றால் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 12.7 மி.மீ. 520, 530 என்றால் 15.875 மி.மீ. எஞ்சின் பக்கப் பல் ஓர் அளவிலும் சக்கரப் பல் வேறு அளவிலும் இருந்தால் எந்தச் செயினும் பொருந்தாது. 'கொஞ்சம் ஓடட்டும், பழகிடும்' என்று ஒருவர் எனக்குச் சொன்னார். பழகவில்லை.

பழைய புல்லட்டில் சக்கரப் பல்லும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பல்லை மட்டும் மாற்ற வழி இல்லை. பழைய பல்லை லேத்தில் சீவிவிட்டுப் புது வளையத்தை போல்ட்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் கோட்டாறு பக்கம் ஒரு லேத்தில் அப்படிச் செய்யச் சொன்னேன். வளையம் மையத்திலிருந்து விலகிப்போனது. செயின் ஒரு சுற்றில் இறுகும், அரைச் சுற்றில் தொங்கும். இந்த அறிகுறி தெரிந்தால் வேறு எங்கேயும் தேடாதீர்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே பல்லில் இறுகினால் மையம் தவறியிருக்கிறது. கடைசியில் வலப்பக்கம் டிரம் உள்ள வேறொரு வண்டியின் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) எடுத்து, கம்பி ஓட்டை எண்ணிக்கை பொருந்தும் 19 இஞ்ச் ரிம்மில் கம்பி கட்டினேன். பிரேக் விவகாரத்துக்கும் அதுவே மருந்தானது, அதைக் கீழே சொல்கிறேன்.

நேர்கோடு அடுத்த விஷயம். எஞ்சின் பக்கப் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் ஒரு நேரான சட்டத்தை வைத்துச் சக்கர ஸ்ப்ராக்கெட் வரை நீட்டுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் விலகல் இருந்தால் விடலாம், இரண்டைத் தாண்டினால் சரிசெய்துதான் ஆகவேண்டும். சரிசெய்ய எஞ்சின் பக்க ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் தடிமனான வாஷர் வைத்து வெளியே தள்ளாதீர்கள். ஷாஃப்டின் பல்லில் பாதிதான் பிடித்திருக்கும். ஒருநாள் அதுவும் வழுக்கும். எஞ்சினையோ, பின் ஸ்ப்ராக்கெட் உட்காரும் தளத்தையோ நகர்த்துங்கள்.

இனி யாரும் எளிதில் சொல்லித்தராத ஒன்று. ஸ்டாண்டில் வைத்துச் செயின் தொய்வு சரியாக வைத்தேன். ஆள் ஏறியதும் செயின் வீணைத் தந்தி மாதிரி இறுகியது. எஞ்சின் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூன்றின் மையமும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். தயாரிப்பு வண்டிகளில் எஞ்சின் ஸ்ப்ராக்கெட் பிவட்டுக்கு மிக அருகில் இருப்பதால் வித்தியாசம் சின்னது. நாம் கலப்பாகச் செய்த வண்டியில் எஞ்சின் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தால் அந்த இடைவெளி கூடும், தொய்வின் ஏற்ற இறக்கமும் கூடும். ஆகவே பின் ஷாக்கைக் கழற்றுங்கள். மூன்று மையமும் ஒரே கோட்டுக்கு வரும்வரை ஸ்விங் ஆர்மை உயர்த்துங்கள். அந்த நிலையில் 20 மி.மீ. தொய்வு மிச்சம் இருக்கட்டும். ஸ்டாண்டில் நிற்கும்போது அது கொஞ்சம் தொளதொளவென்றுதான் தெரியும், தெரியட்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் வெளி பேரிங் போய்விடும். அந்தப் பேரிங்கை மாற்ற எஞ்சினை இறக்கி, இரண்டாகப் பிளக்க வேண்டும்.

டாப் கியரில் இழுவை இல்லை

எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஆனால் டாப் கியரில் மூச்சு வாங்குகிறது. காரணம் பெரும்பாலும் சக்கரத்தின் அளவு. பல்சரின் 120/80-17 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.96 மீட்டர் போகும். புல்லட்டின் 3.25-19 சுமார் 2.05 மீட்டர். நாலைந்து சதவீதம்தான், ஆனால் காலுக்குத் தெரியும். பின்னால் 38 பல் இருந்தால் 40 போட்டுப் பாருங்கள். கணக்கில் நம்பிக்கை இல்லை என்றால் டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சிமெண்டுத் தரையில் ஒரு சுற்று தள்ளி, டேப் வைத்து அளங்கள்.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுவதற்கும் இதே காரணம்தான். நான் அதைச் சரிசெய்யவே இல்லை.

செல்ஃப் போட்டால் 'டிக்' என்கிறது, அல்லது ஹாரன் அடித்தால் லைட் மங்குகிறது

பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள். ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் செய்திருக்கிறீர்களா? எஞ்சின் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் உங்கள் எஞ்சினுக்கு எர்த் இல்லை. அழகான அந்தப் பவுடர் கோட்டிங் மின்சாரத்துக்கு மதில் சுவர்.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொரு முனை எஞ்சின் கேஸில், பெயிண்ட் இல்லாத இடத்தில். செல்ஃபை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் கேஸுக்கு நேராக ஒரு தடித்த கேபிள் போடுங்கள். ஃபிரேமை நம்பவே வேண்டாம். என் வண்டியில் செல்ஃப், ஹாரன், சில நேரம் வரும் மிஸ்ஸிங் ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரே கேபிள்தான் மருந்தாக இருந்தது.

சார்ஜ் பார்க்க: எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் வரவேண்டும். 13ஐத் தொடாவிட்டால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) போய்விட்டது, பேட்டரியும் பல்புகளும் அடுத்து வரிசையில் நிற்கின்றன. மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரும் ஆர்.ஆர். யூனிட்டும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வந்தவையாக இருக்கட்டும். புல்லட்டின் பழைய வயரிங்கில் பல்சரின் ஸ்டேட்டரைக் கோர்க்கும் சிக்கனம் வேண்டாம். வயரிங் முழுவதும் எஞ்சின் வந்த வண்டியுடையதாக எடுத்து, வேண்டாத கிளைகளை மட்டும் நறுக்குவதே நல்லது.

நறுக்கும்போது ஒரு எச்சரிக்கை. நியூட்ரலில் ஓடுகிறது, கியர் போட்டதும் அணைகிறது என்றால் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் அல்லது கிளட்ச் சுவிட்ச் வயரை நறுக்கிவிட்டீர்கள். அந்தப் பாதுகாப்பு உங்கள் எஞ்சின் வந்த மாடலில் உண்டா என்று வயரிங் வரைபடத்தில் பாருங்கள்.

இன்னொன்று. ஃபிரேமில் எங்காவது பற்றவைக்க வேண்டி வந்தால் பேட்டரி, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சி.டி.ஐ., ஆர்.ஆர். யூனிட் மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் மெஷினை ஆன் செய்யவேண்டும். என் முதல் சி.டி.ஐ. அப்படித்தான் போனது. ஒரு சின்னக் கொக்கி வைக்கப் போய்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி அணைகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது

அணைந்த உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பழைய டேங்குக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் அந்தத் துளையையும் சேர்த்து அடைத்திருப்பார்கள்.

சத்தம் இல்லையென்றால் பெட்ரோல் குழாயைப் பாருங்கள். எஞ்சின் மாறியதால் கார்ப்ரேட்டரும் இடம் மாறியிருக்கும், பழைய நீளக் குழாய் நடுவில் மேலே வளைந்து காற்றுக் குமிழைப் பிடித்து வைத்திருக்கும். டேங்கின் பெட்ரோல் டேப்பிலிருந்து கார்ப்ரேட்டர் வரை எங்கேயும் ஏறாமல் இறங்கிக்கொண்டே போகும்படி குழாயை வெட்டிப் போடுங்கள். எஞ்சின் சூட்டுக்கு அருகில் போனால் மேலே ஓர் உறை மாட்டுங்கள்.

பெட்ரோல் வழிகிறது, அல்லது ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங்

இது எஞ்சின் உட்கார்ந்த கோணம். புல்லட்டின் சிலிண்டர் நெட்டக்குத்தாக நிற்கும், பல்சர் சிலிண்டர் முன்னால் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அழகுக்காக அதை நிமிர்த்தி வைக்க ஆசை வரும். வைத்தால் கார்ப்ரேட்டரும் சேர்ந்து சாயும், மிதவையின் மட்டம் தப்பும். எண்ணெய் பார்க்கும் கண்ணாடியும் பொய் சொல்லும். எஞ்சினைப் பழைய வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே, மொபைலில் இருக்கும் கோணமானியைக் கேஸின் ஒரு தட்டையான இடத்தில் வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி சமதளத்தில், இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போது எடுக்கவேண்டும். நான் எடுக்கவில்லை. பிறகு மார்த்தாண்டத்தில் ஒரு நண்பனின் பல்சரை நிறுத்தி அளந்துகொண்டு வந்தேன்.

கையை விட்டாலும் ரேஸ் இறங்கவில்லை

காற்று எங்கிருந்தோ திருட்டுத்தனமாக நுழைகிறது. எஞ்சின் ஓடும்போது கார்ப்ரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயைச் சுற்றி ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் பீச்சுங்கள். எந்த இடத்தில் பட்டதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். வேண்டாம், சூடான எஞ்சின் அது. அங்கே ஓட்டை இல்லையென்றால் ஆக்ஸிலேட்டர் கேபிள் ஹேண்டிலைத் திருப்பும்போது இழுக்கிறதா பாருங்கள். புல்லட் ஹேண்டில் அகலம், பல்சர் கேபிளுக்கு நீளம் போதாது.

நடுவில் பிக்கப் செத்துப்போகிறது

ஏர் ஃபில்டர் பெட்டிக்கு இடம் இல்லாமல் கூம்பு ஃபில்டர் மாட்டியிருப்பீர்கள். இந்த வகைக் கார்ப்ரேட்டரின் பிஸ்டனைத் தூக்குவது வெற்றிடம். அதற்கு அமைதியான காற்று வேண்டும். பெட்டியை எடுத்துவிட்டால் பிஸ்டன் நடுங்கும், கலவையும் மெலியும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், பிஸ்கட் நிறம் சரி. பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினால் மேல் வேகம் சரியாகும், நடு வேகம் அப்படியே இருக்கும். எனக்கு உதவியது ஜெட் அல்ல. பக்கவாட்டு டூல் பாக்ஸின் உள்ளே தகடு மடித்து ஒரு பெட்டி செய்து, ஃபில்டரை அதற்குள் வைத்தேன். நம் ஊரில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. திறந்து கிடக்கும் கூம்பு ஃபில்டர் இரண்டிலும் நனையும்.

சைலன்சர் 'பட் பட்' என்று வெடித்தால், பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாய் சிலிண்டரில் சேரும் இடத்தின் கேஸ்கெட்தான்.

ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கிறது

பல்சர் 220க்கு ஆயில் கூலர் உண்டு. தோற்றத்துக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி, குழாய் வாய்களை அடைத்துவிடுகிறார்கள். தோவாளைத் தோப்பில் ஓட்டியபோது எதுவும் தெரியவில்லை. அது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்து மோதுகிற இடம். குலசேகரத்து ரப்பர் தோட்டம் அப்படி இல்லை. மரம் அடர்ந்து காற்றே அசையாது, முதல் கியரில் ஏற வேண்டும். அங்கே இருபது நிமிடத்தில் எண்ணெய் வாசனை வந்துவிட்டது. கூலரைத் திரும்பக் கொண்டுவந்து முன் குழாயில், சேறு தெறிக்காத உயரத்தில் பொருத்தினேன். அழகு கொஞ்சம் போனதுதான்.

கிளட்ச் வழுக்குகிறது, அல்லது கியர் போட்டதும் வண்டி பாய்கிறது

எந்த வண்டியின் லீவரைப் பிடித்திருக்கிறீர்கள்? புல்லட் லீவர் ஒரு பிடிக்கு இழுக்கும் கேபிள் நீளமும், பல்சர் கிளட்ச் கேட்கும் நீளமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எஞ்சின் வந்த வண்டியின் லீவரையே மாட்டுங்கள். நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விளையாட்டு இருக்கட்டும்.

அதன் பிறகும் வழுக்கினால் எண்ணெய். பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்சுக்கு ஒன்று என்று தனித்தனி. இதில் ஒரே எண்ணெயில்தான் எல்லாமே குளிக்கிறது. டப்பாவில், எண்ணெயில் குளிக்கும் கிளட்சுக்கான தரம் என்று காட்டும் 'ஜாசோ எம்.ஏ.' போட்டிருக்கவேண்டும். கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் தட்டு வழுக்கும்.

இடது காலுக்கு இரண்டு வேலை

பழைய புல்லட்டில் கியர் வலது, பிரேக் இடது. பல்சர் எஞ்சினில் கியர் இடது. மாட்டிய பிறகு இரண்டு பெடலும் ஒரே பக்கம் வந்து நிற்கும். இது ஃபிரேமைத் தொடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம், நான் யோசிக்கவில்லை. முதலில் வலது பெடலிலிருந்து இடது டிரம்முக்கு வண்டியின் குறுக்கே ஒரு ஷாஃப்ட் போட்டேன். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஷூ நன்றாக இருந்தது, டிரம்மும் நன்றாக இருந்தது. முறுக்கிக்கொண்டிருந்தது அந்த ஷாஃப்ட். பெடலை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஷாஃப்டின் இரண்டு முனையையும் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். தடித்த ஷாஃப்ட் போடலாம், இரண்டு முனையிலும் புஷ் வைக்கலாம். அல்லது என்னைப் போல வலப்பக்க டிரம் உள்ள ஹப்புக்கே மாறிவிடலாம்.

ஹேண்டில் தலையாட்டுகிறது

கையை இலேசாக்கினால் ஹேண்டில் ஆடுகிறது. ஸ்டியரிங் கோன் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ் இரண்டையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் நூல் பிடியுங்கள். பின் டயரின் இரண்டு பக்கமும் நூல் ஒட்டி முன்னால் இழுத்துப் பாருங்கள், முன் சக்கரம் இரண்டு நூலுக்கும் சரிநடுவில் வரவேண்டும். தொட்டில் பற்றவைத்தபோது ஃபிரேம் ஒரு பக்கம் இழுத்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். இழுத்திருந்தால் ஸ்பேசர் வைத்து ஒப்பேற்ற வேண்டாம், ஃபிரேமைச் சரியான அளவில் பிடிக்கும் ஜிக்கில் போட்டு நிமிர்த்தவேண்டும்.

பெயிண்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு

வெல்டிங்குக்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளி, பெயிண்டில் கோடு தெரிந்தால் அன்றைக்கு ஓட்டாதீர்கள். பெயிண்டைச் சுரண்டுங்கள். கீழே இரும்பிலும் கோடு இருந்தால் அது விரிசல். அதன்மேல் இன்னொரு வெல்டிங் போட்டு மூடுவது தவறு. கோட்டின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு, விரிசலை வி வடிவில் சீவித் திறந்து பற்றவைத்து, மேலே மீன் வடிவத் தகடு ஒன்று வையுங்கள். தகட்டின் குறுக்காக முழு வெல்டிங் ஓட்டாமல் நீளவாட்டில் ஓட்டினால் விரிசல் அதே இடத்துக்கு எளிதில் திரும்பாது. கடற்கரை வீடுகளில் இந்தக் கோட்டில் உப்பு புகுந்து உள்ளே துரு பிடிப்பது சீக்கிரம். முட்டத்தில் இருக்கும் ஒரு நண்பனின் வண்டியில் வெளியே புள்ளி அளவு, உள்ளே குழாய் பாதி இல்லை. அலுமினிய எஞ்சின் காதில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டு போடுகிறவர்கள் கிரீஸ் தடவிப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை போல்ட்டு காதோடு வரும். கிரீஸ் இருக்கும்போது இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவேண்டும்.

காலையில் 'கடகட', சூடானதும் போய்விடுகிறது

இதை நான் மூன்று வாரம் தேடினேன். நோட்டில் உள்ள 31 வரியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தகட்டில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டேன். தொட்டிலைக் கழற்றி மாட்டினேன். சைலன்சர் பிடியை மாற்றினேன். ஒரு சனிக்கிழமை காலை ஆசான் பல் துலக்கிக்கொண்டே வந்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சிலிண்டர் பக்கமாகக் காதைக் கொண்டுபோனார்.

"டைமிங் செயின் டென்ஷனர் போயிருக்குலே. இது பல்சருக்க சொந்த வியாதி."

எஞ்சினுக்குள் ஓடும் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நோட்டில் 32வது வரியாக அதை எழுதி வைத்திருக்கிறேன்.